கட்டளைச் சட்டமும் கிணற்றுக் கயிறும்

விடுதலை என்னும் சொல்லை நாம் மிக எளிதாக எழுதிவிடுகின்றோம். இன்ன ஆண்டிலே, இன்ன திகதியிலே, இன்னார் ஒப்பமிட்ட சட்டத்தினால் இத்தனை ஆயிரம் அடிமைகள் விடுதலை பெற்றனர் என்று சரித்திர நூல்கள் கூறும். வாக்கியம் அத்துடன் முற்றுப்பெறும். அடுத்த நாட் காலையிலே அந்த மனிதர் யாருடைய நிலத்தில் நின்றனர், அன்றைய சோற்றுக்கு யாரிடம் போயினர், தண்ணீருக்கு யார் வாசலில் காத்திருந்தனர் என்னும் வினாக்கள் அந்த முற்றுப்புள்ளிக்கு அப்பாலே கிடக்கின்றன. அந்த அடுத்த நாளைப் பற்றியே இங்கு நான் எழுத விரும்புகின்றேன்.

நான் ஓர் இடைநிலைப் பாடசாலையிலே தமிழ் கற்பிப்பவன். சென்ற ஆண்டு பதினோராந் தர மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக ‘நான் போற்றும் பெரியார்’ என்னுந் தலைப்பைக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன் ஆபிரகாம் லிங்கனைப் பற்றி எழுதி வந்தான். நல்ல நடை, பிழைகளும் குறைவு. அதனை வகுப்பிலே வாசித்து முடித்ததும் பின் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், எங்கடை நாட்டிலையும் அடிமையள் இருந்தவையோ? இருந்தால், அவையளை ஆர் விடுதலை செய்தது?”

வகுப்பு திடீரென அமைதியாயிற்று. அறியாமையால் விளையும் அமைதி ஒருவகை. அறிந்தவர் வாய் திறவாதிருக்கும் அமைதி இன்னொரு வகை. பதினாறு வயதுப் பிள்ளைகள் எந்தப் பாடநூலிலும் படியாத ஒன்றை, எந்த வீட்டிலே தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்த வீட்டிலே கூடாது என்பதனூடாக ஏற்கெனவே படித்துவிட்டிருந்தனர். ஆசிரியர் அறைக்கு வந்து இதனைச் சொன்னபோது, மாணவர்மீது உண்மையான பற்றுள்ள மூத்த ஆசிரியர் ஒருவர், “தம்பி, ஆறின புண்ணைக் கிளறாதையும்” என்றார். அவர் கூற்றிலே தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆயினும் புண் ஆறிவிட்டதா என்பதை ஆராயாமல் அவ்வறிவுரையை ஏற்க என்னால் இயலவில்லை.

அம்மாணவியின் கேள்விக்கு விடை உண்டு. அது மறைபொருளும் அன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இங்குள்ளாரின் வழக்கங்களைத் திரட்டி 1707 ஆம் ஆண்டிலே தேசவழமை என்னுந் தொகுப்பை ஆக்கி முடித்தார். அது தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் பார்த்துச் சரியென ஒப்பினர். முதுசம், சீதனம், தேடிய தேட்டம், ஒற்றி, ஈடு, காணி விற்பனை என்பனவற்றுக்கு விதிகள் கூறும் அத்தொகுப்பிலே, அடிமைகளைப் பற்றிய பகுதி ஒன்றும் உண்டு. கோவியர், பள்ளர், நளவர் முதலியோர் அங்கே அடிமைகளாக வகுக்கப்பட்டுள்ளனர். அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளை அத்தாயின் எசமானுக்கே உரியது என்பது வழக்கம். மாட்டுக்குப் பிறக்கும் கன்று யாருக்கு உரியது என்று தீர்மானிப்பதற்கும் இதற்கும் முறையிலே வேறுபாடு இல்லை. வழக்கம் இதுதானா என்று முதலிமார் பன்னிருவரும் கேட்கப்பட்டனர். அவ்வழக்கத்தின் கீழே கிடந்தவருள் ஒருவரேனும் கேட்கப்பட்டிலர்.

கொழும்பிலே கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் ‘அடிமைத் தீவு’ என்று பொருள்படும். ஒல்லாந்தக் கொம்பனி தன் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது. அந்தப் பெயரைக் கேட்கும்போது அடிமைமுறையை அந்நியன் கப்பலிலே கொண்டுவந்து இறக்கியதாகவும், அவனோடு அது கப்பலேறிப் போய்விட்டதாகவும் நினைத்துக்கொள்வது நமக்கு வசதியாயிருக்கின்றது. கொம்பனியின் அடிமைகள் கப்பலிலே வந்தவர்களே. குடாநாட்டின் வயலிலும் தோட்டத்திலும் வீட்டு வளவிலும் இருந்தவர்களோ இந்த மண்ணின் மக்கள். தம்மை உடைமையாகக் கொண்டவர் பேசிய அதே மொழியைப் பேசியவர்கள். அதே தெய்வங்களை மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டவர்கள்.

ஆங்கிலேயர் வந்தனர். 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணம் தேசவழமைக்குத் தன் ஆட்சியிலும் முழு வலுவளித்தது. அடுத்த ஆண்டாகிய 1807 இலே பிரித்தானியப் பாராளுமன்றம் கடல்வழி அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. கடலிலே குற்றமாகிய செயல் கரையிலே வழமையாக நீடித்தது.

இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த ஸர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன், யூரிமாராக அமர்ந்து நீதி வழங்கும் உரிமையைப் பெற்றவர்கள் மனிதரை உடைமையாகவும் வைத்திருத்தல் பொருந்தாதென எடுத்துரைத்தார். அதன் பயனாக அடிமைகளை உடையோர் பலர், 1816 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12 ஆந் திகதிக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரராவர் என்னுந் தீர்மானத்திலே ஒப்பமிட்டனர். அத்திகதி இங்கிலாந்தின் இளவரசருடைய பிறந்த நாள்! ஆண்பிள்ளைகளைப் பதினான்கு வயது வரையும் பெண்பிள்ளைகளைப் பன்னிரண்டு வயது வரையும் எசமானர் வீட்டிலே வைத்து உணவும் உடையும் அளித்துப் பேணுவதென்றும் ஏற்பாடாயிற்று. பிறந்த பிள்ளை சுதந்திரமுடையது. அதனைப் பெற்றெடுத்த தாய் அடிமை. ஒரே பாயிலே சட்டத்தின் இரு கரைகளும் படுத்துறங்கின.

1818 ஆம் ஆண்டிலே அடிமைகள் யாவரையும் பதிவுசெய்தல் வேண்டும் என்ற பிரமாணம் பிறந்தது. பதியப்படாத அடிமைமேல் எசமானுக்கு உரிமை கோர இடமில்லாது போகும். இதன் உட்பொருளைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். ஓர் ஏழை மனிதனின் பெயர் அரசாங்கத்துப் புத்தகம் ஒன்றிலே ஏறுகின்றது. ஏறினால் அவன் உடைமை, ஏறாவிடின் அவன் மனிதன். அவனுடைய விடுதலை எசமானின் மறதியிலும் சோம்பலிலும் தங்கியிருந்தது.

பின்னர் 1821 ஆம் ஆண்டுப் பிரமாணம். யாழ்ப்பாணத்துக் கோவிய, நளவ, பள்ள அடிமைத் தாய்மாருக்கு இனிப் பிறக்கும் பெண் குழந்தைகளின் விடுதலையை, எசமானருக்கு ஒரு சிறு தொகை கொடுத்து அரசாங்கமே வாங்கிக்கொள்ளும் என்று அது விதித்தது. பெண் குழந்தைகளை மட்டும் வாங்கியது ஏன்? அடிமைநிலை தாய்வழியே இறங்குவது. பெண் விடுபட்டால் அவள் வயிற்றுப் பிள்ளைகளும் விடுபடுவர். இரண்டொரு தலைமுறையிலே, மிகக் குறைந்த செலவிலே, எசமானரின் மனத்தைப் பெரிதும் நோகச் செய்யாமல், முழு முறையும் வற்றிப்போகும். கணக்கர் ஒருவரின் கூர்மையான புத்தி இதிலே தெரிகின்றது. ஆனால், அவ்வாண்டு பிறந்த ஆண் குழந்தை? அது அடிமையாகவே வளர்ந்தது. தங்கை சுதந்திரமுடையவள், அண்ணன் உடைமை என்ற விசித்திரம் ஒரே குடிலிலே வாழ்ந்தது.

1833 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மேற்கிந்தியத் தீவுகள், மொறிசியஸ், நன்னம்பிக்கை முனை ஆகிய இடங்களிலே ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்களை அது தொட்டது. அச்சட்டத்தின் பெருமையைப் பேசுவோர் அதன் ஒரு பிரிவை மறந்துவிடுவது வழக்கம். கிழக்கிந்தியக் கொம்பனியின் பிரதேசங்களுக்கும், சென் ஹெலினாத் தீவுக்கும், இலங்கைக்கும் இது பொருந்தாது என்று அப்பிரிவு கூறிற்று. பொருந்திய இடங்களிலேதான் நடந்தது யாது? உடைமை இழந்தோருக்கு நட்டஈடாக இரண்டு கோடிப் பவுண் ஒதுக்கப்பட்டது. உடைமையாயிருந்தோருக்கு ஒரு சதமும் இல்லை. அவர்கள் ‘பயிலுநர்’ என்ற புதிய பெயரோடு அதே தோட்டங்களிலே மேலும் சில ஆண்டுகள் கூலியின்றி உழைக்கும்படி விதிக்கப்பட்டனர். 1838 ஆம் ஆண்டிலேயே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அந்த நட்டஈட்டுக்காகப் பிரித்தானிய அரசாங்கம் பட்ட கடன் 2015 ஆம் ஆண்டிலேதான் முற்றாகத் தீர்க்கப்பட்டது. விடுவிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் வரி செலுத்தி, தம் முன்னோரை உடைமையாய் வைத்திருந்தவர்களுக்கான கடனைத் தீர்த்திருக்கின்றனர்.

இலங்கைக்கு இறுதியாக 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. அடிமைமுறை இத்தீவிலே ஒழிந்தது. “ஆர் விடுதலை செய்தது?” என்ற கேள்விக்குப் பரீட்சை விடையாக எழுதத்தக்கது இந்த ஒரு வரியே.

இவ்வரிசையை முழுவதும் பார்க்கையில் ஒன்று புலனாகின்றது. 1816 தொடக்கம் 1844 வரை ஒவ்வொரு படியிலும் பேச்சு நடந்தது அரசாங்கத்துக்கும் உடைமையாளருக்கும் இடையிலேயே. இழப்பு அவர்களுடையது, தவணை அவர்களுடையது, பெருந்தன்மையும் அவர்களுடையது. அடிமை அப்பேச்சிலே ஒரு பொருள், பேசுபவன் அல்லன். ஆங்கிலேயரைத் தருமம் மட்டுமே இயக்கிற்று என்று சொல்லுவதற்கும் இல்லை. 1832 ஆம் ஆண்டிலே, கோல்புறூக் விசாரணைக் குழுவின் சிபாரிசையொட்டி, இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறை ஒழிக்கப்பட்டது. மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் விரியத் தொடங்கிய காலம் அது. ஓர் எசமானின் வளவிலே கட்டுண்டு கிடக்கும் மனிதனிலும், தன் உழைப்பைச் சந்தையிலே விற்கும் மனிதனே புதிய பொருளாதாரத்துக்கு வேண்டப்பட்டவன். மனச்சாட்சியும் முதலாளித்துவமும் ஒரு கணம் ஒரே வழியிலே நடந்தன. நடந்தது நல்லதே, எனினும் அவை எவ்விடத்திலே பிரிந்தன என்பதையும் பார்த்தல் வேண்டும்.

அவை பிரிந்த இடம் காணி. 1844 ஆம் ஆண்டுச் சட்டம் தேசவழமையின் அடிமைப் பகுதியைச் செல்லாததாக்கியது. காணிப் பகுதியை அது தொடவில்லை. முதுசமும் சீதனமும் இன்ன வழியிலே இறங்கும் என்பதும், காணி விற்பதாயின் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலிலே அறிவித்தல் வேண்டும் என்பதும் அப்படியே நிலைத்தன. தேசவழமை பிற்காலத்திலே திருத்தப்பட்டும் இன்றுவரை வலுவிலுள்ள சட்டமே. இதன் விளைவு யாது? தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தைக் கொத்தி, இறைத்து, பயிராக்கியவன் ஒரு நாட் காலையிலே சுதந்திர மனிதனாக எழுந்தான். எழுந்து நின்ற நிலம் அவனுடையதன்று. அவன் குடிலின் கூரைக்கு வேண்டிய ஓலை எசமானின் பனையிலிருந்து வந்தது. எங்கே போவான்? நேற்றுவரை அடிமையாய்ச் செய்த வேலையை இன்று குடியிருக்கும் உரிமைக்கு ஈடாகச் செய்தான். ‘அடிமை’ என்ற சொல் உறுதியிலிருந்து மறைந்தது. ‘வழமை’ என்ற சொல் வாயிலே நின்றது.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதனாலேயே லிங்கனைப் பற்றிய அக்கட்டுரை எனக்கு மீண்டும் நினைவுக்கு வருகின்றது. 1863 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிப் பிரகடனம், கிளர்ச்சி செய்த மாநிலங்களிலுள்ள அடிமைகளையே விடுதலை செய்தது. ஒன்றியத்தோடு நின்ற எல்லை மாநிலங்களின் அடிமைகள் 1865 ஆம் ஆண்டிலே அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் வரும்வரை காத்திருந்தனர் அல்லது தம் மாநிலச் சட்டத்தை எதிர்பார்த்திருந்தனர். தலைநகராகிய வாஷிங்டனிலே 1862 ஆம் ஆண்டு விடுதலை வழங்கப்பட்டபோது, தலைக்கு முந்நூறு டொலர் வரை எசமானருக்கே கொடுக்கப்பட்டது. 1865 சனவரியிலே தளபதி சேர்மன் தென்கரையோர நிலங்களை நாற்பது நாற்பது ஏக்கராக விடுதலை பெற்ற குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கக் கட்டளையிட்டார். லிங்கன் கொலையுண்ட பின் பதவியேற்ற சனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அவ்வாண்டு முடியுமுன்பே அந்நிலங்களைப் பழைய உடைமையாளருக்குத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். நிலம் போயிற்று, வாரக் குடிமையும் கடனும் வந்தன. அயிற்றி நாட்டின் கதை இதனிலும் கொடிது. அங்கே அடிமைகள் 1791 ஆம் ஆண்டிலே கிளர்ந்தெழுந்து, போரிட்டு, 1804 ஆம் ஆண்டிலே தமக்கென ஒரு நாட்டையே ஆக்கினர். 1825 ஆம் ஆண்டிலே பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய எசமானரின் நட்டத்துக்காகப் பதினைந்து கோடிப் பிராங்கு தரவேண்டுமென்று அவர்களைப் பணித்தது. தம்மைத் தாமே விடுவித்தவர்களும் தம் விலையைக் கட்ட வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் ஏட்டிலே கண்டவை. சட்டத்துக்கும் வாழ்வுக்கும் இடைப்பட்ட தூரத்தை நான் முதன்முதலிற் கற்றது என் அப்பம்மாவிடம். அவர் எழுத்தறியாதவர், 1844 என்ற ஆண்டை ஒருபோதும் கேள்விப்பட்டவரல்லர். அச்சட்டத்துக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின்னரே பிறந்தவர்.

எங்கள் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அதனை எடுக்கக் கிணறு வேண்டும். கிணறு வெட்டக் காணி வேண்டும். ஆகவே காணியில்லாதவனுக்குத் தண்ணீரும் இல்லை. அப்பம்மாவின் சிறுவயதிலே, குடத்தைக் கிணற்றடியிலே வைத்துவிட்டு அப்பால் விலகி நிற்பார்களாம். கயிற்றைத் தொடுதல் கூடாது. யாரேனும் தம் தேவைக்கு வரும்போது, மனம் வைத்தால் அள்ளி வார்ப்பர். பங்குனி மாதத்து வெயிலிலே ஒரு நாள் விடியப் போய் நின்று உச்சிவரை காத்திருந்ததையும், கடைசியாக வந்த ஒரு பெண் குடத்திலே பட்டை பட்டுவிடாமல் உயரப் பிடித்து வார்த்ததையும், பாதித் தண்ணீர் மண்ணிலே ஊற்றுண்டு போனதையும் அவர் சொல்லுவார். “ஊத்துப்பட்டதுக்கு ஆரும் ஒண்டும் சொல்லேல்லை. மண் குடிக்கலாம், நாங்கள் அள்ளக்கூடாது.” இதைச் சொல்லும்போது அவர் குரலிலே கோபமே இராது. அந்தக் கோபமின்மைதான் என்னை நெடுநாள் உறங்கவிடாமற் செய்தது.

அப்பப்பா கூலி உழைப்பிலே பல ஆண்டு மிச்சம்பிடித்து இரண்டு பரப்புக் காணி வாங்கினார். விற்க முன்வந்தவரும் ஊருக்கு அஞ்சி அயலூர் நொத்தாரிசிடமே உறுதி முடித்தாராம். பின்பு அவரும் அவர் சகோதரரும் வேலை முடிந்த மாலைப் பொழுதுகளிலே அலவாங்கு கொண்டு கல் உடைத்தனர். மாதக் கணக்கிலே உடைத்தனர். தண்ணீர் கண்ட அன்று முதல் வாளியை அள்ளியவர் அப்பம்மா. தம் பிள்ளைகள் பிறந்த ஆண்டுகளைக்கூட மாறிச் சொல்லுகின்றவர், அந்த ஆண்டை மட்டும் மறந்ததேயில்லை: 1967. கட்டளைச் சட்டத்துக்கும் அந்தக் கயிற்றுக்கும் இடையிலே 123 ஆண்டுகள் கிடந்தன. அத்தனை காலமும் சட்டப்படி அவர்கள் சுதந்திரரே!

அந்த 123 ஆண்டுகளையும் சட்டம் தானாகவே நடந்து கடக்கவில்லை. மனிதர் அதனை இழுத்துக்கொண்டு நடந்தனர். 1929, 1930 ஆம் ஆண்டுகளிலே, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கிலே அமர்தல் வேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, அதற்கு எதிராக மனுக்கள் பறந்தன. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. நிலத்திலே இருந்த பிள்ளை வாங்கில் ஏறுவதைக் காணப் பொறாது பாடசாலையையே எரிப்பதென்றால், அந்த வாங்கின் பெறுமதியை எரித்தவர் நன்கு உணர்ந்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும். யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் இளைஞர் அன்று சம ஆசனத்தின் பக்கமும் சமபந்தியின் பக்கமும் நின்றனர். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், பொது இடங்களிலே சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டமும் ஏட்டிலேயே உறங்கியிருக்கும். 1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21 ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் ஆலய வாசல்களிலும் நடந்த போராட்டங்களும், 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே வெயிலில் அமர்ந்திருந்த ஆண்களும் பெண்களுமே அதனைத் தட்டி எழுப்பினர். தடி அடியும் சிறையும் பட்டனர். சிலர் உயிரையும் இழந்தனர். அதே ஒடுக்குமுறையின் கீழ்ப் பிறந்த கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் அவ்வனுபவத்தைத் தமிழ் இலக்கியத்துக்குள்ளே கொண்டுவந்து வைத்தனர். பண்டிதர்கள் முகஞ் சுளித்தும் அது வெளியே போகவில்லை.

அப்படியாயின் சட்டம் வெறுங் காகிதந்தானா என்று என் மாணவர் கேட்கக்கூடும். அவ்வாறு கூறுவோர் நம் நண்பர்களுள்ளும் உண்டு. நான் அதற்கு உடன்படேன். 1844 ஆம் ஆண்டின் பின் ஒருவன் தன் மகளை இன்னொருவன் விற்றுவிடுவான் என்று அஞ்சி வாழவேண்டியதில்லை. ஓடிப்போனவனைப் பிடித்துத் தரும்படி எசமான் நீதிமன்றத்தை நாட முடியாது. உழைப்பிலே மிஞ்சிய காசு அவனுடைய காசாயிற்று. அந்தக் காசிலேதான் என் அப்பப்பாவின் இரண்டு பரப்பும் வந்தது. 1957 ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாதிருந்தால், கோயில் வாசலில் அமர்ந்தவர்களே குற்றவாளிகளாயிருப்பர். சட்டம் தாழ்ப்பாளை நீக்கியது. கதவைத் தள்ளும் பொறுப்பையும், தள்ளுகையிலே விழும் அடியையும் அது வறியவரிடமே விட்டுச் சென்றது என்பதே என் முறைப்பாடு.

அடிமைமுறை ஒழிந்த பின் இன்னொரு பெயரிலே தமிழர் பலர் கட்டுண்ட கதையையும் இங்கே குறிப்பிடாதிருக்க இயலாது. மேற்கிந்தியத் தீவுகளிலும் மொறிசியசிலும் அடிமைகள் நீங்கியதும் அவ்விடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். இலங்கையின் மலைநாட்டுக்குத் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள் மன்னாரிலிருந்து காடுகளினூடே நடந்தனர். வழியிலே மாண்டவர் பலர். அவர்கள் எவரும் சட்டப்படி அடிமையல்லர். கடன் அவர்களைக் கட்டியது. தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டிலே எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டுமுறை 1921 ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது. அந்த மக்களின் சந்ததியாருட் பலர் தாம் வாழும் நிலத்துக்கு இன்றும் உறுதி இல்லாமலே லயன்களிலே வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்து வளவிலும் ஹற்றன் மலையிலும் கேள்வி ஒன்றே: நிற்கும் நிலம் யாருடையது?

இது பழங்கதையென்று எண்ணுவோர் அண்மைக் காலத்தையும் பார்க்கலாம். 1990 ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கிலிருந்து பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். குண்டு சாதி பார்த்து விழவில்லை, எல்லோரும் ஓடினர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, காணியும் பணமும் வெளிநாட்டு உறவும் உடையவர்கள் முகாம்களை விட்டு வெளியேறினர். இருபது இருபத்தைந்து ஆண்டுகளாக முகாம்களிலேயே தங்கிவிட்டவர்களுட் பெரும்பகுதியினர் காணியற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரே என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1844 ஆம் ஆண்டிலே கொடுபடாத காணி, 1990 ஆம் ஆண்டிலே போவதற்கு இடமில்லாமையாக முளைத்தது. சரித்திரம் இறந்தகாலத்தோடு முடிந்துவிடுகின்றது என்று இதற்குப் பின்னும் எவ்வாறு கற்பிப்பது?

எனவே என் மூத்த நண்பருக்கு என் மறுமொழி இது. ஆறிய புண்ணை யாரும் கிளறமாட்டார்கள். கிளறினாலும் அது நோகாது. சொன்ன மாத்திரத்திலே ஒரு வகுப்பு முழுவதும் வாயடைத்துப் போகுமாயின், அப்புண் ஆறவில்லை. இனத்தின் ஒற்றுமைக்கு இப்பேச்சு கேடு என்போரும் உளர். ஒற்றுமை எனக்கும் வேண்டும். போர்க் காலத்திலே பதுங்குகுழிகளிலும் தண்ணீர் வண்டியின் முன்னும் நாம் ஒரே வரிசையிலே நின்றோம். ஊர் திரும்பியதும் அந்த வரிசை எவ்வாறு கலைந்தது என்று கேட்பவனை ஒற்றுமையின் பகைவன் என்பது எவ்வகை நியாயம்?

அடுத்த வாரத்து வகுப்பிலே, இங்கே எழுதியவற்றுள் ஆண்டுகளையும் சட்டங்களையும் மாணவர்க்குச் சொன்னேன். யாருடைய முன்னோர் யார் என்று எவரையும் கேட்கவில்லை. கேட்பது ஆசிரியன் தொழிலன்று. ஒரு பயிற்சி மட்டும் கொடுத்தேன். 1844 ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதும் பொறுப்பு உங்களுக்குக் கிடைத்திருந்தால் அதிலே என்ன சேர்த்திருப்பீர்கள் என்று ஒரு பக்கத்திலே எழுதும்படி கூறினேன். விடைகள் பலவாறு இருந்தன. ஒருவன் இரண்டு பரப்புக் காணி என்று எழுதினான். ஒருத்தி பள்ளிக்கூடம் என்று எழுதினாள். எசமானர் கொடாத கூலியை வட்டியோடு கொடுக்கவேண்டும் என்று கணக்கிலே கெட்டிக்காரனான ஒருவன் எழுதினான். கிணறு என்று எழுதியவர்கள் எழுவர். அந்த எழுவரும் வகுப்பின் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அது எனக்கு நம்பிக்கை தந்தது.

பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒரு பாடவேளைக்குள் கண்டுகொண்டதைத் தேசாதிபதிகளும் சட்டசபையினரும் அறியாதிருந்தனர் என்று நான் நினைக்கவில்லை. அறிந்தும் எழுதாது விட்டனர். காணியும் கூலியும் கிணறும் பள்ளிக்கூடமும் சேராத விடுதலை, உடைமையாளனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் விடுதலையாகவே முடிகின்றது. நோயுற்ற அடிமைக்குக் கஞ்சி வார்க்கும் கடமை முன்பு அவனுக்கு இருந்தது. பின்பு அதுவும் இல்லை. விடுபட்டவர்களின் பங்கு இன்னும் பாக்கியாகவே நிற்கின்றது. அந்தப் பாக்கியைக் கணக்கிலே ஏற்றுவதற்காயினும், அந்த ஆண்டுகள் நம் பிள்ளைகளின் பாடநூல்களிலே இடம்பெறுதல் வேண்டும்.